காஸ்ட்ரோ தெரு: சிதறிய வாக்குகள் ஒரு வார்டில் சேர்ந்த கதை

நகரங்கள் மாறிய விதம் – 17

1972இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மார்க்கெட் தெருவும் காஸ்ட்ரோ தெருவும் சந்திக்கும் முக்கில் இருந்த ட்வின் பீக்ஸ் என்ற மதுக்கூடத்தை இரண்டு பெண்கள் விலைக்கு வாங்கினார்கள். இருவரும் லெஸ்பியன்கள். தெருவைப் பார்த்த பக்கம் முழுவதும் பெரிய கண்ணாடி ஜன்னல்களை வைத்து, திரையும் கருஞ்சாயமும் இல்லாமல் விட்டார்கள். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோடு சிரித்துப் பேசுகிறார்கள் என்பது நடைபாதையில் போகிற எவருக்கும் தெரியும்.

இதில் எவ்வளவு துணிச்சல் இருந்தது என்பது புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் மதுக்கூடங்கள் வெளியே தெரியாதபடிதான் நடந்தன. போலீஸ் எந்த நேரமும் உள்ளே நுழையலாம். பிடிபட்டவர்களின் பெயர் நாளிதழில் வரும். மறுநாள் வேலை போகும். வாடகை வீடும் போகலாம். சான்ஃபிரான்சிஸ்கோவின் பிளாக் கேட் மதுக்கூடம் இந்தத் தொல்லையை எதிர்த்து வழக்காடியது. தன்பாலீர்ப்பாளர்கள் வந்து கூடுகிறார்கள் என்பதை மட்டும் காரணம் காட்டி உரிமத்தைப் பறிக்க முடியாது என்று 1951இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அரசு வேறு வேறு வழிகளில் நெருக்கிக்கொண்டே இருந்தது. 1963இல் பிளாக் கேட் மது உரிமத்தை இழந்தது, பிறகு மூடப்பட்டது.

அந்த மதுக்கூடத்தில் பாடிவந்த ஹோசே சாரியா 1961இல் நகரமன்றத் தேர்தலில் நின்றார். தன் ஈர்ப்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் மனிதராக அறியப்படுபவர் அவர். ஏறக்குறைய 6,000 வாக்குகள் கிடைத்தன, தோற்றார். அப்போது நகரமன்ற உறுப்பினர்களை நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. சாரியாவின் வாக்குகள் நூற்றுக்கணக்கான தெருக்களில் சிதறிக் கிடந்தன. அப்படிச் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே வட்டாரத்தில் குடியேறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்துக் காஸ்ட்ரோ விடை சொன்னது.

காஸ்ட்ரோ என்று இன்று உலகம் அழைக்கும் இடத்துக்கு அன்று யூரேக்கா பள்ளத்தாக்கு என்று பெயர். 1887இல் கேபிள் டிராம் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியதும் அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் அங்கே மர வீடுகள் கட்டிக்கொண்டன. நகரத்தின் பெரும்பகுதியை அழித்த 1906 நிலநடுக்கத் தீ இந்தச் சரிவை எட்டவில்லை. அதனால் விக்டோரியா காலத்து வீடுகள் வரிசை வரிசையாகப் பிழைத்துக் கிடந்தன. நடுவில் மோஸ்ட் ஹோலி ரிடீமர் கத்தோலிக்கத் தேவாலயம். 1922இல் டிமதி ஃப்ளூகர் வடிவமைத்த காஸ்ட்ரோ திரையரங்கு. பதினெட்டாம் தெரு முனையில் ஹைபர்னியா வங்கி. அயர்லாந்தின் பழைய லத்தீன் பெயரைத் தாங்கிய வங்கி. தேவாலயம், பள்ளி, மதுக்கடை, துறைமுக வேலை, தொழிற்சங்கம் என்று ஒரு வாழ்க்கை அங்கே மூன்று தலைமுறை ஓடியது.

அந்த வாழ்க்கையைக் குலைத்தது யார்? தன்பாலீர்ப்பாளர்கள் வந்து துரத்தினார்கள் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த படைவீரர்களுக்கு அமெரிக்க அரசு மலிவு வீட்டுக் கடன் கொடுத்தது. நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. புறநகரில் தோட்டத்தோடு தனி வீடு கிடைத்தது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் வந்ததும் சரக்கு வேலை விரிகுடாவின் மறுகரைக்கு, ஓக்லாந்துக்கு, நகர்ந்தது. தொழிற்சாலைகளும் போயின. வேலை போன திசையிலும் கடன் கொடுத்த திசையிலும் இளம் குடும்பங்கள் போயின. 1960களின் நடுவிலேயே யூரேக்கா பள்ளத்தாக்கில் வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. கறுப்பின மக்கள் பக்கத்தில் குடிவந்துவிடுவார்களோ என்ற வெள்ளையர் அச்சமும் இந்த ஓட்டத்தில் சேர்ந்திருந்தது.

இங்கே மனதை உறுத்தும் ஒரு செய்தி இருக்கிறது. அதே போரில் தன்பாலீர்ப்பாளர் என்று சந்தேகிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களுக்குப் படை ஒரு நீல நிறத் தாளைக் கொடுத்து வெளியேற்றியது. நீலத் தாள் வைத்திருந்தவருக்கு வீட்டுக் கடன் கிடையாது. கல்லூரிச் சலுகை கிடையாது. வேலை கேட்டுப் போனால் அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய கப்பல்கள் வந்து நின்ற பெரிய துறைமுகம் சான்ஃபிரான்சிஸ்கோ. இப்படி வெளியேற்றப்பட்ட பலர் ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆக, ஒரு வட்டாரத்தைக் காலி செய்த அரசுக் கடன், பின்னாளில் அந்த வட்டாரத்தை நிரப்பப்போகும் சமூகத்துக்கு எட்டாததாக இருந்தது. காஸ்ட்ரோவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த தலைமுறை இளைஞர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தேடி வந்த நகரத்தை முதலில் உருவாக்கியவர்கள் அந்த நீலத் தாள்காரர்கள்.

1963இல் மிசூரி மியூல் என்ற மதுக்கூடம் திறந்தது. காஸ்ட்ரோவின் முதல் தன்பாலீர்ப்பாளர் கூடம் அதுதான். 1967 கோடையில் ஹெய்ட் பகுதியில் ஹிப்பிகள் திரண்டார்கள். அந்தக் கூட்டம் கலைந்தபோது, குன்றைத் தாண்டி மலிவான வாடகைக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள் பலர். 1970களின் தொடக்கத்தில் நாடு முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள்: கான்சாஸின் சிற்றூர்களிலிருந்து, டெக்சஸின் தேவாலயக் குடும்பங்களிலிருந்து, நியூயார்க்கிலிருந்து. பாழடைந்த வீடுகளை நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்து, அழுகிய படிக்கட்டை மாற்றி, சுவரைச் சுரண்டி, புதுச் சாயம் பூசினார்கள். தச்சும் பூச்சும் தெரிந்தவர்கள் தங்கள் உழைப்பையே முதலாகப் போட்டார்கள். குடும்பம் கைவிட்டவர்களுக்கு அந்த வீடுகளில் கிடைத்த துணை பெரிது. சாதியோ மதமோ மொழியோ உள்ள மனிதன் தன் சமூகத்துக்குள்ளேயே பிறக்கிறான். இவர்கள் பிறந்த வீட்டில் இவர்களைப் போல வேறு யாரும் இல்லை. தங்களவர்களைக் காண இவர்கள் பயணம் போய்த்தான் ஆக வேண்டும். போய்ச் சேர ஓர் இடம் தேவைப்பட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹார்வி மில்க். நியூயார்க் மாநிலத்தில் 1930இல் பிறந்த யூதர், முன்னாள் கடற்படை வீரர், பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். 1973இல் தன் துணைவர் ஸ்காட் ஸ்மித்தோடு காஸ்ட்ரோ தெரு 575ஆம் எண்ணில் ஒரு கேமரா கடை திறந்தார். வியாபாரத்தில் அவருக்கு அதிக அக்கறை இல்லை. கடையில் ஒரு பழைய சோபா கிடக்கும். வேலை கேட்டு வருபவர், வீடு கேட்டு வருபவர், போலீஸ் அடித்ததைச் சொல்ல வருபவர் எல்லாரும் அதில் உட்கார்ந்து பேசுவார்கள்.

மில்க் அரசியலைக் கற்றது கடைத்தெருவில்தான். இரண்டு தன்பாலீர்ப்பு ஆண்கள் ஒரு பழம்பொருள் கடை திறக்க முயன்றபோது, யூரேக்கா பள்ளத்தாக்கு வணிகர் சங்கம் அதைத் தடுக்கப் பார்த்தது. புதிதாக வந்த வணிகர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். மில்க் அதன் தலைவரானார். 1974இல் காஸ்ட்ரோ தெருத் திருவிழாவை நடத்தினார்கள். 5,000 பேருக்கு மேல் வந்தார்கள். அன்று நடந்த வியாபாரம் பழைய சங்கத்துக் கடைக்காரர்களையே திகைக்க வைத்தது.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கூர்ஸ் பீர் நிறுவனத்தோடு லாரி ஓட்டுநர் சங்கத்துக்குத் தகராறு. அந்த வட்டாரத்திலேயே வளர்ந்த தொழிற்சங்கத் தலைவர் ஆலன் பேர்ட், தன்பாலீர்ப்பாளர் அல்லர், மில்கிடம் வந்து, உங்கள் மதுக்கூடங்கள் கூர்ஸை நிறுத்துமா என்று கேட்டார். நிறுத்துகிறோம், பதிலுக்கு எங்கள் ஆட்களுக்கு ஓட்டுநர் வேலை கொடுங்கள் என்றார் மில்க். மதுக்கூடங்கள் கூர்ஸை நிறுத்தின. சங்கமும் தன்பாலீர்ப்பாளர்களை வேலைக்குச் சேர்த்தது. இரக்கம் கேட்டுப் பெற்ற உறவு இல்லை இது. ஒரே தெருவில் இத்தனை கூடங்களும் இத்தனை வாடிக்கையாளர்களும் சேர்ந்திருந்ததால் கிடைத்த பேரம்பேசும் வலிமை. பழைய உழைப்பாளி வட்டாரத்துக்கும் புதிய வட்டாரத்துக்கும் நடுவில் பகை மட்டுமே இருந்தது என்று எழுதுபவர்கள் ஆலன் பேர்டை மறந்துவிடுகிறார்கள்.

சட்டமும் மெல்ல அசைந்தது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. வயதுவந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமில்லை என்ற கலிபோர்னியச் சட்டம் 1976 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மாநில செனட்டில் அதற்காகப் போராடிய ஜார்ஜ் மஸ்கோனி அதே மாதம் நகர மேயராகப் பதவியேற்றார்.

மில்க் 1973இலும் 1975இலும் நகரமன்றத்துக்கு நின்று தோற்றார். 1976இல் மாநில சட்டசபைக்கு நின்றும் தோற்றார். அந்த ஆண்டு நவம்பரில் நகர மக்கள் தேர்தல் முறையையே மாற்றினார்கள்: இனி வார்டுக்கு ஓர் உறுப்பினர். காஸ்ட்ரோ ஐந்தாம் வார்டில் சேர்ந்தது. 1977 நவம்பரில் மில்க் வென்றார். அவரோடு அதே முறையில் வென்றவர்களைப் பாருங்கள்: சீன அமெரிக்கரான கார்டன் லாவ், கறுப்பினப் பெண்மணி எல்லா ஹில் ஹட்ச், தனித்துப் பிள்ளை வளர்த்த தாய் கேரல் ரூத் சில்வர். நகரம் முழுவதும் தேடி வாக்குச் சேர்க்கப் பணம் இல்லாதவர்களுக்கு, அவர்கள் வாழ்ந்த தெருக்களே பலம் கொடுத்தன. நகரங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம் சேர்ந்து வாழ்வதை இழிவாகப் பேசுபவர்கள் உண்டு. அந்தச் சேர்க்கை வாக்குச்சீட்டில் என்ன செய்யும் என்பதை இந்த ஒரு தேர்தல் காட்டியது.

1978 ஜனவரி 9 அன்று மில்க் காஸ்ட்ரோவிலிருந்து நகர மாளிகைக்கு நடந்தே போனார். ஆதரவாளர்கள் கூட நடந்தார்கள். வேலையிலும் குடியிருப்பிலும் தன்பாலீர்ப்பாளர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற நகரச் சட்டம் சில மாதங்களில் நிறைவேறியது. ஜூன் 25 அன்று கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் கையால் சாயம் தோய்த்த முதல் வானவில் கொடி பறந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் பொதுப் பள்ளிகளில் ஆசிரியராக இருப்பதைத் தடுக்க முயன்ற ஆறாம் முன்மொழிவை நவம்பர் 7 அன்று கலிபோர்னிய மக்கள் தோற்கடித்தார்கள். இருபது நாள் கழித்து, நவம்பர் 27 அன்று, மஸ்கோனியும் மில்கும் நகர மாளிகையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சுட்டவர் டான் ஒயிட். அவரும் 1977இல் வார்டு முறையில் வென்ற உறுப்பினர்தான். ஐரிஷ் கத்தோலிக்கர், போலீசிலும் தீயணைப்புத் துறையிலும் இருந்தவர். யூரேக்கா பள்ளத்தாக்கிலிருந்து மறைந்துபோன அந்தப் பழைய வாழ்க்கையின் மிச்சம் நகரத்தின் தென்கிழக்கு வார்டில் இருந்தது. அதன் பிரதிநிதி அவர். தனிமனிதனின் கொலைக்கு ஒரு வகுப்பையே பொறுப்பாக்க முடியாது, கூடாது. ஆனால் நகரம் கைமாறுகிறது என்ற ஆத்திரம் அவருக்கு வாக்களித்த பலரிடம் இருந்தது. போலீஸ் நிலையங்களிலும் இருந்தது. கொலை நடந்த இரவு ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு காஸ்ட்ரோவிலிருந்து நகர மாளிகைக்கு நடந்தார்கள். 1979 மே 21 அன்று, கொலை என்று தீர்மானிக்காமல் அதைவிடக் குறைந்த குற்றமாக நடுவர் குழு தீர்ப்புச் சொன்னபோது, நகர மாளிகை முன் கலவரம் வெடித்தது. போலீஸ் கார்கள் எரிந்தன. அதன் பிறகு போலீசார் காஸ்ட்ரோவுக்கு வந்து எலிஃபண்ட் வாக் என்ற மதுக்கூடத்துக்குள் புகுந்து அங்கிருந்தவர்களை அடித்தார்கள். 1980இல் வார்டு முறையே ரத்தானது. அது மறுபடி வந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

வாடகைக்கு வருகிறேன். வட்டாரம் அழகானதும் அதன் விலை ஏறியது. மில்கின் கேமரா கடையே வாடகை தாங்காமல் காஸ்ட்ரோ தெருவை விட்டு மார்க்கெட் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. வீடுகளை வாங்கி உடனே விற்றுக் கொள்ளை லாபம் பார்ப்பவர்கள் மீது வரி போட வேண்டும் என்று அவர் நகரமன்றத்தில் முயன்றார், அது நடக்கவில்லை. 1979இல் நகரம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஓர் ஓட்டை இருந்தது: குடியிருப்பவர் இருக்கும்வரைதான் கட்டுப்பாடு, அவர் காலி செய்தால் அடுத்தவரிடம் வீட்டுக்காரர் விரும்பிய வாடகை கேட்கலாம்.

அந்த ஓட்டை அடுத்த பத்தாண்டுகளில் எவ்வளவு கொடூரமானது என்பதை எழுதவே கை தயங்குகிறது. 1981இன் கடைசியில் பாபி கேம்ப்பெல் என்ற செவிலியர், தன் உடலில் தோன்றிய ஊதாநிறப் புள்ளிகளின் படங்களைக் காஸ்ட்ரோவில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் ஒட்டினார், இப்படி வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று எச்சரிப்பதற்காக. எய்ட்ஸ் என்ற பெயர்கூட அப்போது இல்லை. 1980களின் நடுவில் நகரத்துத் தன்பாலீர்ப்பு ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கிருமி இருந்தது. மருந்து வருவதற்குள் நண்பர் வட்டங்கள் முழுதாக அழிந்தன.

துணைவர் இறந்தால் வீடு யாருக்கு? வாடகைச் சீட்டில் பெயர் இல்லையென்றால் பத்தாண்டு சேர்ந்து வாழ்ந்தவரும் சட்டத்தின் கண்ணில் அந்நியர். துணைவர் உறவை அங்கீகரிக்கும் சட்டத்தை நகரமன்றம் 1982இல் நிறைவேற்றியது. மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் அதை மறுத்தார். பதிவு தொடங்க 1991 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் எத்தனையோ வீடுகள் பிணம் போன கையோடு சந்தை விலைக்குப் போயின. நியூயார்க்கைப் பற்றி எழுதிய எழுத்தாளர் சாரா ஷுல்மன், எய்ட்ஸ் சாவுகளே வாடகைப் பாய்ச்சலை விரைவுபடுத்தின என்று வாதிட்டார். காஸ்ட்ரோவுக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சாவுக் காலத்தில் வட்டாரம் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட விதம் இந்த வரலாற்றின் உச்சம். 1983இல் நகர மருத்துவமனையில் 5பி என்ற வார்டு திறந்தது. நோயாளியைத் தொட்டுப் பேசிச் சிகிச்சை செய்த செவிலியர்கள் அதை நடத்தினார்கள். லெஸ்பியன் பெண்கள் ரத்ததானம் செய்யத் திரண்டார்கள், சமைத்துக் கொண்டுபோனார்கள், இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அயர்லாந்துக்காரர்களின் பழைய மோஸ்ட் ஹோலி ரிடீமர் தேவாலயத்தின் கன்னிமடம் சாகக் கிடப்பவர்களுக்கான இல்லமாக மாறியது. பங்கில் மிஞ்சியிருந்த கிழவிகள் இளைஞர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய பெயர்த் துணியை மார்க்கெட் தெருக் கடையொன்றில் தைத்தார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் அது விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள்.

காஸ்ட்ரோ யாருக்கு இடம் கொடுத்தது என்பதையும் எழுதாமல் விட முடியாது. நகரத்தைக் களத்தில் ஆய்ந்த சமூகவியலாளர் மனுவேல் காஸ்டெல்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில், ஆண்கள் நிலப்பரப்பைப் பிடிக்கிறார்கள், லெஸ்பியன் பெண்கள் உறவு வலைகளால் வாழ்கிறார்கள் என்றார். அது இயல்பைப் பற்றிய கூற்றாக எனக்குப் படவில்லை, சம்பளத்தைப் பற்றியது. ஆண்களைவிடக் குறைவாகச் சம்பாதித்த பெண்கள், வாடகை குறைந்த மிஷன் பகுதியின் வலென்சியா தெருவை ஒட்டிப் புத்தகக் கடையும் குளியலகமும் மகளிர் மாளிகையும் நிறுவினார்கள். அங்கும் வாடகை ஏறியது. அங்கே முன்பே வாழ்ந்த லத்தீனியக் குடும்பங்களும் பெண்களும் ஒன்றாகவே வெளியேற்றப்பட்டார்கள். 1997இல் திறந்த லெக்சிங்டன் கிளப் என்ற பெண்கள் கூடம் 2015இல் மூடியது. காஸ்ட்ரோ மதுக்கூடங்கள் சிலவற்றின் வாசலில் கறுப்பினத்தவரிடம் மட்டும் இரண்டு மூன்று அடையாள அட்டை கேட்டதும் நடந்தது. ஆசியர்களும் தெற்காசியர்களும் தங்கள் கூட்டத்தைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது; தெற்காசியர்களுக்கான திரிகோண் அமைப்பும் இதழும் 1986இல் விரிகுடாப் பகுதியில் பிறந்தன.

திருநங்கையருக்கு ஒருகாலத்திலும் காஸ்ட்ரோ கிடைக்கவில்லை. அவர்களுடைய இடம் டெண்டர்லாயின்: ஓரறை விடுதிகளும் வறுமையும் நிறைந்த நகர மையம். டர்க் தெருவும் டெய்லர் தெருவும் கூடும் முக்கிலிருந்த காம்ப்டன்ஸ் உணவகத்தில் 1966 ஆகஸ்டில் போலீசார் தொல்லை கொடுத்தபோது, திருநங்கையர் திருப்பி அடித்தார்கள். நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்றாண்டு முந்தையது இது. நாற்பது ஆண்டு கழித்து, வரலாற்றாளர் சூசன் ஸ்ட்ரைக்கர் ஆவணப்படம் எடுத்த பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

இன்று காஸ்ட்ரோவில் ஒரு வீட்டின் விலை பத்து லட்சம் டாலருக்கு மேல். நடைபாதைகளில் வானவில் நிறம். 2014இலிருந்து தளத்தில் பதித்த வெண்கலப் பலகைகளில் முன்னோடிகளின் பெயர். 2019இல் நகரத்தின் கலாசார வட்டாரம் என்ற சட்டத் தகுதி. தொழில்நுட்ப நிறுவனச் சம்பளக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். கையில் ஒரு பையோடு வந்து இறங்கும் பதினெட்டு வயதுப் பையனால் இங்கே ஓர் அறை எடுக்க முடியாது. 2022இல் காஸ்ட்ரோ திரையரங்கை ஓர் இசைநிகழ்ச்சி நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, தரையில் பதித்த இருக்கைகளை மாற்றத் திட்டமிட்டபோது வட்டாரமே எழுந்து நின்றது. அரங்குக்குள் யார் எப்படி உட்கார்வது என்று ஓராண்டுக்கு மேல் நகரமன்றம் வரை வாதம் நடந்தது. சமூகம் மெலிந்துகொண்டே போகும்போது கட்டடத்தைப் பற்றிய சண்டை கூடுவது இயல்பு.

டெண்டர்லாயினில் வேறொன்று நடந்தது. மார்க்கெட் தெருவில் விடுதியும் அடுக்குமாடியும் கட்ட ஒரு நிறுவனம் திட்டம் போட்டபோது, அந்த இடத்தின் தன்பாலீர்ப்பாளர், திருநர் வரலாறு அழிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. கட்டடம் வேண்டாம் என்பதோடு நிற்காமல், பேச்சுவார்த்தையில் சமூகத்துக்கென ஒரு நிதியைக் கேட்டுப் பெற்றார்கள். 2017இல் ஹனி மஹோகனி, ஜனெட்டா ஜான்சன், ஆரியா சாயித் என்ற மூன்று கறுப்பினத் திருநங்கையர் தொடங்கிய திருநர் கலாசார வட்டாரம் சட்டப்படி அங்கீகாரம் பெற்றது. உலகில் இப்படி அமைந்த முதல் வட்டாரம் அது. காஸ்ட்ரோவில் வீடுகள் கைமாறி முடிந்த பிறகு வந்த தகுதி, இங்கே ஓரறை விடுதிகளில் திருநங்கையர் இன்னும் குடியிருக்கும்போதே வந்திருக்கிறது. அந்த வட்டாரத்தை நடத்தும் அமைப்பு கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, வாடகை கட்ட முடியாத திருநருக்கு உதவிப் பணம் கொடுப்பது.

(தொடரும்)